ஒரு கிணறு, நாலு கட்டம்

ஜன்னலை மூடாதீர்கள். காற்று வரட்டும். வெயில் என் பக்கம்தான் அடிக்கிறது. உங்களுக்கு என்ன?

மதுரைக்கா? நானும் மதுரைக்குத்தான் டிக்கெட் எடுத்திருக்கிறேன். அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். ஒரு வேலையும் இல்லை. போய் ஒரு காப்பி குடிப்பேன், அடுத்த பஸ்ஸில் திரும்புவேன். இன்றைக்கு நான் ஊரில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஏன் என்று சொன்னால் உங்களுக்குப் புரியாது. கணக்குப் படித்திருக்கிறீர்களா, காலேஜில்? இல்லையா? சரி, அப்படியானால் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

நீங்கள் புரட்டுகிற என் புத்தகத்தை இப்படிக் கொடுங்கள். பரீட்சைக்குப் படிப்பது.

எனக்குத்தான் பரீட்சை. எம்.ஏ. பொருளாதாரம், யுனிவர்சிட்டியில், ரெகுலர். சிரிக்க வேண்டுமானால் இப்போதே சிரித்துவிடுங்கள். ஊரில் எல்லாரும் சிரித்து முடித்தாயிற்று.

என் பெயர் ஆவுடையப்பன். மின்வாரியத்தில் ஹெல்பராகச் சேர்ந்து ஃபோர்மேனாக ரிட்டயர் ஆனவன். பி.ஏ.வைத் தபாலில் படித்தேன். ரிட்டயர் ஆன பிறகு வீட்டில் என் சம்சாரத்துடன் இருந்தேன். அவளும் போய்விட்டாள். பிள்ளை கிடையாது. சும்மா இருக்க எனக்கு வராது. பென்ஷனர் சங்கத்தில் போய் உட்கார்ந்தால் எல்லாரும் சர்க்கரை அளவு சொல்கிறார்கள். அதற்கு எம்.ஏ. மேல்.

முதல் நாள் வகுப்புக்குள் போனேன். பிள்ளைகள் அத்தனை பேரும் எழுந்து, குட்மார்னிங் சார் என்றார்கள். நான் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர்கள் நின்றபடியே இருந்தார்கள். பிறகு ஒருத்தன், "ஏல, பெருசு நம்ம செட்டுல" என்றான். உட்கார்ந்தார்கள்.

மற்ற பாடமெல்லாம் கதை. கதையை யாரும் படிக்கலாம். ஒரே ஒரு பாடம்தான் ஆளைக் கொல்லுகிறது, பொருளியலுக்கான கணித முறைகள். ஜெசிந்தா மேடம் எடுப்பது. சின்ன வயசு, சின்ன உருவம், போர்டில் மட்டும் பெரிய எழுத்து. வளைகோடு போடுவாள். அதன் சரிவு எவ்வளவு என்பாள். உச்சிக்குப் போனால் சரிவு பூஜ்யம் என்பாள். ஏன் பூஜ்யம் என்று எனக்குப் பிடிபட ஒரு மழைக்காலம் ஆயிற்று. பக்கத்து பெஞ்சில் முப்பிடாதி என்று ஒரு பெண். களக்காட்டுப் பக்கம். அவள்தான், "தாத்தா, மலை ஏறி உச்சில நின்னா, அங்கன ஏத்தமும் கிடையாது, இறக்கமும் கிடையாதுல்லா? அதான்" என்றாள். அதற்குப் பிறகுதான் புரிந்தது. புரிந்ததை அவளிடம் நான் காட்டிக்கொள்ளவில்லை.

எனக்கு அந்தப் பாடத்தில் ஆகாத ஒரு வார்த்தை இருந்தது. வைத்துக்கொள்வோம். எதற்கெடுத்தாலும் வைத்துக்கொள்வோம். மற்றது எதுவும் மாறவில்லை என்று வைத்துக்கொள்வோம். மனுஷன் தனக்கு எது நல்லதோ அதைத்தான் செய்வான் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் பொறுக்காமல் எழுந்து நின்றேன்.

"கரண்டில் வைத்துக்கொள்வோம் கிடையாது, மேடம். லைனில் சப்ளை இல்லை என்று வைத்துக்கொண்டு கம்பத்தில் ஏறினவனை நாங்கள் கயிறு கட்டித்தான் இறக்கியிருக்கிறோம்."

"இங்க யாரும் கம்பத்துல ஏறப் போறதில்ல சார், உக்காருங்க" என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள்.

ஆனால் பழகப் பழக, தம்பி, அந்த வார்த்தையின் ருசி பிடித்துவிட்டது. வைத்துக்கொண்டால் எல்லாம் ஒழுங்காக வருகிறது. ஒரு பக்கம் மாறினால் மறுபக்கம் இவ்வளவு மாறும் என்று எழுதிக் காட்ட முடிகிறது. ஊரில் எது அப்படி எழுதிக் காட்டுகிற மாதிரி இருக்கிறது? என் தம்பி சொரிமுத்துவிடம் ஒரு கேள்வி கேட்டால் பதில் வராது, இருமல்தான் வரும்.

அவனைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

நானும் அவனும் இரண்டே பேர். அப்பா விட்டுப் போனது ஒரு தோட்டம், ஒரு கிணறு. தோட்டத்தைப் பிரித்தாயிற்று. கிணற்றை எப்படிப் பிரிப்பது? கிணறு பொது, மோட்டார் பொது. விவசாயக் கரண்ட் சர்வீஸ் மட்டும் என் பெயரில். என் பக்கம் தென்னை. அவன் பக்கம் வாழை, ஏத்தன் வாழை. தண்ணீருக்கு முறை. இன்றைக்கு நான், நாளைக்கு அவன். அப்பா ஒரு வழக்கம் வைத்திருந்தார். முறை முடிந்தவன் தன் மடையை அடைத்து, அடுத்தவன் மடையைத் தன் கையாலே வெட்டிவிட வேண்டும். எடுத்துக்கொள்ளக் கூடாது, கொடுக்க வேண்டும். விடியற்காலையில் போனால் என் மடை வெட்டி ஈரமாக இருக்கும். அவன் மண்வெட்டி போட்ட தடம் இருக்கும். அதுதான் எங்களுக்குள் பேச்சு. வேறு பேச்சு அதிகம் கிடையாது.

இந்தக் கோடையில் கிணறு இறங்கிவிட்டது. மும்முனை கரண்டும் கொஞ்ச நேரம்தான் விடுகிறான். என் முறை அன்றைக்குப் போகிறேன், மோட்டார் ஓடுகிறது. தண்ணீர் அவன் வாழைக்குப் போகிறது. என் மடை காய்ந்து கிடக்கிறது. ஒரு நாள் மறந்திருப்பான் என்று விட்டேன். அடுத்த முறையும் அதே. அதற்கடுத்ததும்.

கேட்டேன். "வாழை குலை தள்ளிட்டுண்ணே. இப்ப தண்ணி நிறுத்துனா காய் பிடிக்காது" என்றான்.

"முறை முறைதாம்ல."

"ஒனக்குத் தென்னைதான? அது நிக்கும்."

பாருங்கள் பேச்சை. என் தென்னை நிற்குமாம்.

அந்த வாரம்தான் ஜெசிந்தா மேடம் புதுப் பாடம் ஆரம்பித்தாள். ஆட்டக் கோட்பாடு. பெயரைக் கேட்டு ஏமாறாதீர்கள், விளையாட்டு இல்லை. இரண்டு பேர் எதிரும் புதிருமாக நிற்கும்போது யார் என்ன செய்வார்கள் என்று கணக்குப் போடுவது. போர்டில் சதுரம் போட்டு, குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு. நாலு கட்டம். "ரெண்டு விவசாயி, ஒரு கிணறுன்னு வச்சுக்குவோம்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஊருக்கு வந்து பார்த்துவிட்டுப் போனாளா என்று நினைத்தேன்.

இரண்டு பேரும் முறைப்படி இறைத்தால் இரண்டு பேருக்கும் நல்லது. அது ஒரு கட்டம். ஒருத்தன் முறையை மீறி, மற்றவன் பொறுத்துப் போனால் மீறினவனுக்குக் கொண்டாட்டம். அது இரண்டு கட்டம், மீறினவன் இவனானால் ஒன்று, அவனானால் ஒன்று. இரண்டு பேரும் மீறினால் கிணறு வற்றி இரண்டு பேருக்கும் நாசம். நாலாவது கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் அவனுக்கு ஒரு எண், இவனுக்கு ஒரு எண். அவ்வளவுதான். மனுஷ ஜென்மம் எடுத்து இவ்வளவு காலம் பட்ட பாடெல்லாம் நாலு கட்டத்தில் அடங்கிவிட்டது. எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சந்தோஷத்தில்.

இருங்கள். போன் அடிக்கிறது.

பகவதி. சொரிமுத்துவின் பெண்சாதி. அடிக்கட்டும்.

ஏன் எடுக்கவில்லை என்றா பார்க்கிறீர்கள்? அதற்கும் கணக்கு இருக்கிறது. வருகிறேன்.

நாலு கட்டத்தையும் எழுதிப் பார்த்தேன். நான் பொறுத்துப் போகிறவரைக்கும் அவன் மீறிக்கொண்டே இருப்பான். கணக்கு அப்படித்தான் சொல்கிறது. அப்படியானால் மிரட்ட வேண்டும். மோட்டார் ரூமுக்குப் போனேன். இன்னொரு தரம் என் முறையில் கை வைத்தால் சர்வீஸை வெட்டச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடுவேன் என்றேன். என் பெயரில்தானே இருக்கிறது.

அவன் சிரித்தான். "வெட்டுண்ணே, வெட்டு. ஒன் தென்னை மட்டும் என்ன, ஆத்துக்குள்ளயா நிக்கி?"

மறுநாள் வகுப்பு முடிந்ததும் மேடத்திடம் கேட்டேன். யார் என்று சொல்லவில்லை. ஒருத்தன் மிரட்டுகிறான், மிரட்டினதைச் செய்தால் அவனுக்கும் நஷ்டம், அதனால் எதிராளி நம்பவில்லை, என்ன செய்வது என்று கேட்டேன்.

"நல்ல கேள்வி சார்" என்றாள். வருஷம் முழுக்க என்னைப் பார்த்து அவள் சொன்ன ஒரே நல்ல வார்த்தை. "நம்பணும்னா, அவன் தன்னோட கையைத் தானே கட்டிக்கணும். ஒத்தைப் பாலத்துல ரெண்டு லாரி எதிரெதிரா வருதுன்னு வச்சுக்கங்க. யார் ஒதுங்குறது? ஒருத்தன் ஸ்டியரிங்கைக் கழட்டி வெளியே வீசிட்டான்னா? அவனால இனி ஒதுங்க முடியாது. அது எதிராளிக்குத் தெரியும். அப்ப எதிராளிதான் ஒதுங்கியாகணும்."

ஸ்டியரிங்கைக் கழற்றி வீசுவது. ஆகா என்று இருந்தது.

அவள் விடவில்லை. "ஆனா சார், இது மாடல். ஆளுங்க மாடல் கிடையாது" என்றாள். வாத்தியார்கள் கடைசியில் இப்படி ஒரு வாக்கியம் சொல்லுவார்கள். மாத்திரை அட்டையில் பொடி எழுத்தில் இருக்குமே, அந்த மாதிரி. யார் படிக்கிறார்கள்?

முப்பிடாதி பின்னாலேயே வந்தாள். என் தாளில் நான் போட்ட கட்டத்தைப் பார்த்துவிட்டாள். அவளுக்கு எல்லாவற்றிலும் மூக்கு. நாலாவது கட்டத்தில் எனக்கு மைனஸ் பத்து, அவனுக்கு மைனஸ் பத்து என்று போட்டிருந்தேன்.

"தாத்தா, இதுல ஒருத்தருக்குப் பென்ஷன் வருதா?"

"ஏன்?"

"இல்ல, பென்ஷன் வாரவருக்குத் தண்ணி போனா மைனஸ் பத்து. வாழையைத் தவிர வேற ஒண்ணும் இல்லாதவருக்கு எப்படித் தாத்தா அதே பத்து? எங்க அப்பாவுக்குன்னா நான் அந்தக் கட்டத்துல எண்ணே போடமாட்டேன். அப்படியே விட்டுருவேன்."

"எண் போடாட்டா கணக்கு எப்படிம்மா வரும்?" என்றேன்.

"வராது தாத்தா" என்றாள்.

பாருங்கள், படிக்க வந்த பிள்ளை பேசுகிற பேச்சா? இரண்டு பேரும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள், ஒரு கிணறு, ஒரே அளவு நிலம். எண் மட்டும் எப்படி வேறாகும்? பாடத்திலேயே சமச்சீர் ஆட்டம் என்று ஒன்று இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே எண். அழகாக வரும்.

திரும்பவும் பகவதிதான். அடிக்கட்டும் விடுங்கள். உங்களுக்குச் சத்தம் தொந்தரவாக இருந்தால் சொல்லுங்கள், துண்டில் சுற்றி வைக்கிறேன். அணைக்க மாட்டேன். அணைத்தால் சார்ஜ் இல்லை என்று சொரிமுத்து நினைத்துக்கொள்வான். மணி அடிக்க வேண்டும், யாரும் எடுக்கக் கூடாது. அப்போதுதான், அண்ணன் எடுக்க மாட்டான், அண்ணனிடம் பேசிப் பிரயோஜனம் இல்லை, நாம்தான் போய்க் கையெழுத்துப் போட வேண்டும் என்று புரியும்.

கையெழுத்து என்னவென்று சொல்லவில்லை, இல்லையா?

கரண்ட் ஆபீஸுக்குப் போனேன். இப்போது அங்கே ஜூனியர் இன்ஜினியராக, ஜே.இ.யாக இருக்கிற செல்லச்சாமி என் கீழே வேலை பழகினவன். இன்னும் என்னைக் கண்டால் எழுந்து நிற்பான். சர்வீஸைத் துண்டிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். அவன் முகம் செத்துவிட்டது.

"சார், இலவச சர்வீஸ். விட்டா திரும்ப வாங்க எத்தனை வருஷம் ஆகும்னு ஒங்களுக்குத் தெரியாதா? கோடை வேற. வேண்டாம் சார்."

"அப்படிச் சொல்லுவாய் என்று தெரியும். இதைக் கேள்" என்றேன். "இப்போதைக்கு லைனை மட்டும் கழற்றிவிடு. அப்புறம் நானே வந்து கெஞ்சினாலும் சேர்க்காதே. என் தம்பி வந்து, முறையை மீற மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் மட்டும் சேர்த்துக் கொடு."

"நீங்க கேட்டாக்கூடவா?"

"நான் கேட்டால் முக்கியமாகச் சேர்க்காதே."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஸ்டியரிங் கதையைச் சொன்னேன். தலையைச் சொறிந்தான். பழைய மரியாதைக்காகச் செய்தான். ஆட்கள் வந்து கம்பத்திலேயே கழற்றிவிட்டுப் போனார்கள். சொரிமுத்து வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நான் தென்னந்தோப்பில் நின்று பார்த்தேன். எதிராளிக்குத் தெரிய வேண்டும் என்பது விதி. தெரிந்தது. செல்லச்சாமியை விட்டே நிபந்தனையைச் சொல்லச் சொன்னேன். சொன்னானாம். "அண்ணன் வந்து சொல்லட்டும், கையெழுத்து என்ன, கையையே வெட்டித் தாரேன்" என்றானாம். போய்ச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? போனால் ஆட்டம் போயிற்று. நான் ஸ்டியரிங்கை வீசினவன், தம்பி. வீசினவன் வண்டியை நிறுத்திக் கீழே வந்து பேசுவானா?

சாப்பாடு வந்தது. அதைத்தான் என்னால் எந்தக் கட்டத்திலும் போட முடியவில்லை. என் சம்சாரம் போன நாளிலிருந்து பகவதிதான் எனக்குச் சோறு. தூக்குவாளியில் கொண்டுவந்து நடையில் வைத்துவிட்டு, "பெரியத்தான், சோறு வச்சிருக்கேன்" என்று குரல் கொடுத்துவிட்டுப் போவாள். லைனைக் கழற்றின அன்றைக்கும் வந்தது. மறுநாளும் வந்தது. புளிக்குழம்பு, எனக்குப் பிடித்த மாதிரி. குரல் மட்டும் இல்லை. வாளி இருக்கும், ஆள் இருக்காது. சாப்பிட்டேன். சாப்பிடாமல் இருந்தால் அது வேறு ஒரு அர்த்தம் ஆகிவிடும்.

வாழை மடங்க ஆரம்பித்தது. இலை நடுநரம்போடு இரண்டாகத் தொங்கும், பார்த்திருப்பீர்கள். குலையோடு நிற்கிற மரம் இடுப்பொடிந்து சாயும். ராவெல்லாம் தோட்டத்துப் பக்கம் எங்கள் மோட்டார் சத்தம் கேட்டே பழகிய காது. இப்போது சத்தம் இல்லை. சத்தம் இல்லாதது எப்படி இருக்கும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. சொரிமுத்து காய்ந்த வாய்க்காலில் குத்தவைத்து உட்கார்ந்திருப்பான், மண்ணைப் பார்த்துக்கொண்டு. காலையில் பார்த்தாலும் அங்கேதான். உச்சி வெயிலிலும் அங்கேதான். யோசிக்கிறான் என்று நினைத்தேன். கணக்குப் போடுகிறான் என்று சந்தோஷப்பட்டேன்.

சிரிப்பு என்னவென்றால் அவனுக்குக் கணக்கே வராது. பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு முட்டை, வீட்டில் என்னிடம் உதை. பிறகு எப்படி அவன் கணக்குப் போடுவான் என்கிறீர்களா? எதிராளி தன் நன்மையைக் கணக்குப் பார்ப்பான் என்று வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பாடமே இல்லை. குறுக்கே பேசாதீர்கள்.

இன்றைக்குக் காலையில் கிளம்பும்போது பார்த்தேன். அவன் மூங்கில் கழியைத் தோளில் வைத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போனான். நீளக் கழி. மறு கையில் கம்பிச் சுருள். வாழைக்கு முட்டுக் கொடுக்கப் போகிறான் என்று நினைத்தேன். சாய்கிற மரத்துக்குக் கழியை நட்டுக் கம்பியால் கட்டுவார்கள். என்னைப் பார்த்தான். நின்றான். ஏதோ கேட்கப் போகிறவன் மாதிரி வாயைத் திறந்தான். நான் பேசாமல் நடந்தேன். அந்த நேரத்தில் நான் நின்றிருந்தால் இத்தனை நாள் கட்டினது கெட்டுப்போயிருக்கும். ஊரில் இருந்தால் நாமே பலவீனப்பட்டுவிடுவோம், இன்றைக்கு ஊரிலேயே இருக்கக் கூடாது என்று அப்போதுதான் தோன்றியது. முதலில் வந்த பஸ்ஸில் ஏறினேன்.

என்ன கேட்டீர்கள்? செம்புக் கம்பியா, கட்டுக் கம்பியா என்றா? கவனிக்கவில்லை. எதற்குக் கேட்கிறீர்கள்?

கொக்கியா!

தம்பி, நீங்கள் யாரிடம் பேசுகிறீர்கள் என்று தெரிகிறதா? லைனில் கொக்கி மாட்டிக் கரண்ட் திருடப் போய்த் தொங்கினவர்களை இறக்கி எடுக்கிற வேலையைப் பார்த்தவன் நான். எங்கள் தோட்டத்துக்கு மேலேயே லைன் போகிறது, அது உண்மை. ஆனால் மும்முனை மோட்டாருக்கு மூன்று கம்பியிலும் கொக்கி போட வேண்டும். கிணற்றடியில் நின்றுகொண்டு, கழியின் நுனியில். ஒன்று விழும்போது மற்றது கையில் இருக்கும். என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். சின்ன வயசில் நானே கதை கதையாகச் சொல்லியிருக்கிறேன். தெரிந்தவன் செய்ய மாட்டான். அவனுக்கு அதில் நன்மை இல்லை. கட்டத்தில் அப்படி ஒரு கட்டமே கிடையாது. முறைப்படி இறைப்பது, மீறி இறைப்பது, இரண்டுதான் அவனுக்கு. மூன்றாவதாக ஒன்றை அவன் எங்கிருந்து கொண்டுவருவான்?

அடிக்கிறது. இது பகவதி இல்லை. செல்லச்சாமி.

பார்த்தீர்களா? பார்த்தீர்களா? ஜே.இ. கூப்பிடுகிறான். எதற்குக் கூப்பிடுவான்? சொரிமுத்து ஆபீஸுக்கு வந்துவிட்டான். கையெழுத்துப் போட வந்துவிட்டான். நான் சொன்னேனா இல்லையா? பகவதி எத்தனை தரம் அடித்தாள், எடுத்தேனா? எடுத்திருந்தால், பெரியத்தான், பாவம் பெரியத்தான் என்று அழுவாள். நான் இளகுவேன். கணக்கு நம்மை இளகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. அதுதான் படிப்பின் பிரயோஜனம்.

இதையும் எடுக்க மாட்டேன். கையெழுத்து வாங்கு என்று ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன். என்னைக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை.

நின்றுவிட்டது.

திரும்ப அடிக்கிறான். விட மாட்டான் போல.

கோவில்பட்டி தாண்டிவிட்டோமா? கரிசலைப் பாருங்கள், எப்படி வெடித்துக் கிடக்கிறது. மேலிருந்து பார்த்தால் கட்டம் கட்டமாகத் தெரியும்.

என்ன தம்பி? எடுக்கச் சொல்கிறீர்களா? எதற்கு இவ்வளவு பதறுகிறீர்கள்? உங்கள் முகம் ஏன் வெளுத்துப் போயிருக்கிறது? கையெழுத்துப் போட ஒரு ஆள் வந்திருக்கிறான், அவ்வளவுதான். சரி, உங்களுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தால் நீங்களே எடுங்கள். இந்தாருங்கள். அவர் இல்லை, போனை விட்டுவிட்டு எங்கேயோ போயிருக்கிறார் என்று சொல்லுங்கள். என்னிடம் கொடுக்காதீர்கள். பச்சையைத் தள்ளுங்கள். ம்.

என்ன சொல்கிறான்?

வந்துவிட்டானா? எழுதிக் கொடுத்தானா?

தலையை ஆட்டினால் எனக்கு என்ன தெரியும்? வாயைத் திறந்து சொல்லுங்கள். யார் அழுகிறார்கள் அங்கே? ஆபீஸில் யார் அழப் போகிறார்கள்? செல்லச்சாமி வெளியில் நிற்கிறானா? எங்கே நிற்கிறான்?

எங்கள் தோட்டத்திலா?

அவன் எதற்குத் தோட்டத்துக்கு வந்தான்? லைன்தான் கழற்றியாயிற்றே.

நீங்கள் எதற்கு என் கையைப் பிடிக்கிறீர்கள்? விடுங்கள். மெதுவாகச் சொல்ல வேண்டாம், எனக்கு நன்றாகக் காது கேட்கும். உயிர் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. எந்தக் கம்பம் என்று கேளுங்கள். கிணற்றடிக் கம்பமா, அதற்கு அடுத்ததா என்று கேளுங்கள். டிரான்ஸ்பார்மரில் சுவிட்சுக் கைப்பிடியைக் கீழே இழுத்தானா, முழுசாக அணைத்துவிட்டுத்தான் தொட்டார்களா என்று கேளுங்கள். வெறுங்கையால் யாரும் தொடக் கூடாது. பகவதியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், அவள் ஓடிப் போய்த் தொடுவாள். அவளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள் முதலில். கேட்கிறதா என்று கேளுங்கள்.

என்ன? ஏன் போனைக் கீழே வைத்துவிட்டீர்கள்?

கண்டக்டர். ஏய், கண்டக்டர். நிறுத்தச் சொல்லுங்கள் வண்டியை. ஸ்டாப் இல்லாவிட்டால் என்ன, நடுரோட்டில் நிறுத்துங்கள். என் தம்பி என்னிடம் என்னவோ கேட்க வந்தான்.